மிதி, பிடி, விடு

பெர்கனில் மழை நின்றால்தான் செய்தி.
என் தெரு செங்குத்து.
மேலே கைநழுவிய ஆரஞ்சு
துறைமுகத்தில் போய்த்தான் யோசிக்கும்.
இந்த ஊரில் பிரேக் பிடிக்காத காரை
ஆசையாய் வைத்திருப்பவளை
என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
சொல்லட்டும்.

அறுபத்தேழாம் வருட வோல்வோ.
இரண்டு பேர் காலை நீட்டிச் சாய்ந்தால்
மூன்றாவதாக ஒரு குடைக்கு இடமிருக்கும்.
பிறப்பு சுவீடன், நட்டெல்லாம் இங்கிலாந்து அங்குலம்.
மில்லிமீட்டர் ஸ்பானரைக் காட்டினால்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பின்சக்கரத்துக் காற்றுத் திருகு
சுண்டுவிரல் நுனி அளவுதான்.
மூன்று இரவு எண்ணெய் குடித்தது.
தீ காட்டினேன், தட்டினேன், கெஞ்சினேன்,
டேனிஷில்கூடத் திட்டினேன்.
நான்காம் இரவு
'டிக்' என்றது.
உடைந்ததா, அசைந்ததா?
அந்த அரை நொடிக்குள் நான் ஒருமுறை
காரை விற்று, அழுது, திரும்ப வாங்கிவிட்டேன்.
அசைந்தது.

ஆனால் பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்க
இரண்டு ஆள் வேண்டும்.
கீழே ஒரு கை, மேலே ஒரு கால்.
என் கை நீளம்தான்; அவ்வளவு நீளமில்லை.
பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே
விறகுக்கட்டை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்.
கட்டைக்குப் பிடிக்கத் தெரிந்தது.
விடத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒட்வார் மிக்லபுஸ்ட் வந்தார்.
மேல்வீட்டுக்காரர்.
கையில் நகராட்சிக்கான புகார்:
சத்தம், புகை, ஞாயிற்றுக்கிழமை.
ஒன்பது கையெழுத்து, முதலாவது அவருடையது.
ஆறு வருடமாக வேலிச்செடி வழியாகத்தான் பேசுகிறோம்,
அதாவது வேலியை வெட்டுகிறோம்.

காருக்கடியிலிருந்து காலணி மட்டும் தெரிந்தது.
கனமான, பழகிய காலணி.
"உள்ளே ஏறி உட்காருங்கள்" என்றேன்.
ஏன் ஏறினார் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

மிதி.
பிடி.
விடு.

கண்ணாடிக் குடுவைக்குள் ரப்பர் குழாய் இருமியது.
கடுங்காப்பி நிறத்தில் பழைய எண்ணெய்,
நடுநடுவே குமிழி.
வலது பின்சக்கரம். இடது பின்சக்கரம்.
மிதி. பிடி. விடு.
ஒரு மணி நேரம், மூன்றே சொல்.
எங்களுக்குள் இதுவரை நடந்த பேச்சில்
இதுதான் நீளம்.

ஒரு முறை மட்டும்
நான் திருகை மூடுமுன் காலை எடுத்துவிட்டார்.
வெளியேறிய காற்றெல்லாம் வீடு திரும்பியது.
கீழிருந்து நான் சொன்னது
இங்கே எழுதக்கூடியதல்ல.
மேலே சற்று மௌனம்.
"மன்னிக்கவும்" என்றது இருக்கை,
"முதலிலிருந்து?"

எண்ணெய்த் தொட்டியை நிரப்பும்போது
புட்டி வழுக்கி
முன்பக்கச் சிவப்பில் ஒரு கோடு.
பிரேக் எண்ணெய் பெயின்ட்டை மென்று தின்னும்.
"துணி!" என்று அலறினேன்.
கையில் இருந்ததை வைத்துத் துடைத்தார்.
அப்புறம் வாசலில் நிறைந்து நின்ற
ஒரு வாளி மழையைத் தூக்கி ஊற்றினார்.
சிவப்பு பிழைத்தது.
ஒன்பது பெயரும் நீலமாய் ஒழுகி
ஒரே பெயராகி
வடிகாலுக்குள் போயின.

நான்கு சக்கரமும் முடிந்தபின்னும்
அவர் இறங்கவில்லை.
பெடலை மெல்ல அழுத்தி, தலை சாய்த்து,
"எங்கோ இன்னும் மிச்சமிருக்கிறது.
அடியில் பஞ்சு மாதிரி" என்றார்.
மறுபடி படுத்தேன்.
இடது பின்பக்கம், கடைசியில்,
கடுகளவு ஒரு குமிழி
வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது.

புகார் அடுத்த வாரமே வந்துவிட்டது, புதுத் தாளில்.
ஒன்பது கையெழுத்து. முதலாவது அவருடையது.
கொள்கை வேறு, கால் வேறு.

ஆனால் அதற்கு முன்,
மறுநாள் காலை மழையில்
காரைச் சரிவில் உருளவிட்டேன்.
பேக்கரி தாண்டி, தபால்பெட்டி தாண்டி
மிதித்தேன்.
நின்றது.
சிணுங்காமல், ஒருபக்கம் இழுக்காமல், நின்றது.

திரும்பிப் பார்த்தேன்.
மேல்வீட்டு ஜன்னலில் அவர்,
இடுப்புக்கு மேல் மட்டும்.
வலது கால் தரையை அழுத்தியிருந்தது
என்று பந்தயம் கட்டுவேன்.